நீளமாக இருந்தால் நிஜமாகிவிடுமா?

சென்ற வாரம் துறையில் மாணவர்கள் உங்கள் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். கத்தியதில் எனக்கு வருத்தம் இல்லை. காரணம் சொல்லாமல் கத்திவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு திருப்பரங்குன்றம் பஸ்ஸில் ஏறிவிட்டேனே, அதுதான் உறுத்துகிறது. "மேடத்துக்கு பிரஷர் ஏறிடுச்சு போல" என்று உங்களில் ஒருவர் சொன்னது படியிறங்கும்போது காதில் விழுந்தது. பிரஷர் இருக்கிறது, மாத்திரையும் போடுகிறேன். ஆனால் அன்றைக்கு ஏறியது அது இல்லை. ஓய்வுபெற்ற பிறகும் வாரம் ஒருநாள் வந்து உங்கள் உயிரை வாங்குகிறவள் எதற்காகக் கத்தினாள் என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. உட்கார்ந்து படியுங்கள்.

நம் வேலை என்ன? செல்லுக்குள் ஆர்.என்.ஏ. ஏராளமாக இருக்கிறது. அதில் எந்தப் பகுதியை செல் புரதமாக மொழிபெயர்க்கிறது, எதைத் தொடாமல் விட்டுவிடுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது. இப்போது நீங்கள், புரதம் செய்கிற ரைபோசோம் எந்த இடத்தில் உட்கார்ந்து படிக்கிறது என்று நேராகவே பார்த்துவிடுகிறீர்கள். புத்தாயிரம் பிறந்த புதிதில் எங்களுக்கு அந்த வசதி கிடையாது. எழுத்துக்களை வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆர்.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படித்துக்கொண்டே போவோம். நடுவில் 'நிறுத்து' என்று பொருள்படும் சொல் வந்தால் அத்தோடு சரி. நிறுத்தமே வராமல் நீளமாக ஓடுகிற பகுதி அகப்பட்டால், அது புரதமாக இருக்கலாம் என்று எண்ணிக்கொள்வோம். இருக்கலாம். இந்த 'இருக்கலாம்' என்ற சொல்லைத்தான் ஆளாளுக்குத் தின்று தீர்க்கிறீர்கள்.

அப்போது எங்கள் துறையில் பாண்டிச்செல்வி என்று ஓர் ஆராய்ச்சி மாணவி இருந்தாள். சமயநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். கம்புப் பயிரைத் தண்ணீர் காட்டாமல் வாடவிட்டு, அந்த வாட்டத்தில் புதிதாகத் தோன்றும் ஆர்.என்.ஏ.க்களைப் பிடித்துப் படிப்பது அவள் ஆராய்ச்சி. அதில் ஒன்று, பயிர் வாடினால் ஏறியது, தண்ணீர் விட்டால் இறங்கியது. ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. அது எந்தப் புரதத்தைச் செய்கிறது என்று காட்டிவிட்டால் அவளுக்கு டாக்டர் பட்டம். அவளுடைய உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிகிறது. திருமங்கலத்துப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளராக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அடுத்த கல்வியாண்டுக்குள் பட்டம் வந்தால் வேலை நிரந்தரம், வராவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

புரதத்தைக் காட்டுவதற்கு, அதை மட்டும் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடி வேண்டும். நாங்கள் ஊகித்த புரதத்தின் ஒரு துண்டைச் செயற்கையாகச் செய்து, அதை முயலுக்கு ஊசியாகப் போட்டு, முயலின் ரத்தத்திலிருந்து எடுக்க வேண்டிய சங்கதி அது. மாதக்கணக்காகும். ஆராய்ச்சி நிதியில் அதற்கு ஒரேயொரு தடவைதான் இடம் இருந்தது. தவறான பகுதியைத் தேர்ந்தெடுத்தால், செல்லில் இல்லாத ஒரு பொருளைத் தேடும் ஆன்டிபாடி கையில் இருக்கும், பட்டம் கையில் இருக்காது.

அந்த ஆர்.என்.ஏ.வைப் புரோகிராமில் போட்டோம். எல்லோரும் பயன்படுத்திய புரோகிராம்தான். இரண்டு பகுதிகள் வந்தன. ஒன்று நீளம், நல்ல மதிப்பெண். இன்னொன்று குட்டை. பட்டியலின் அடியில், கேட்பாரற்றுக் கிடந்தது.

துறைத்தலைவர்தான் செல்வியின் வழிகாட்டி. நல்ல மனிதர். மாணவர்களுக்காக டெல்லிவரை போய்ச் சண்டை போடுவார். ஆனால் பெரிதாக எதைப் பார்த்தாலும் அவருக்குக் கால் தரையில் நிற்காது. பிரிண்ட் அவுட்டை என் மேசைமேல் விரித்துப் போட்டார்.

"பாத்தீங்களாம்மா, எம்புட்டு நீளமா வந்திருக்குன்னு! இந்த மாதிரிப் புரதம் இதுவரைக்கும் எந்தச் செடியிலயும் இல்ல. புத்தம் புதுசு!"

"எங்கயுமே இல்லைங்கிறதுதான் சார் எனக்கு ஒதைக்குது."

"என்னம்மா நீங்க! நல்லது வந்தாலும் மொகத்தத் தூக்கி வச்சுக்கிறீங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் காரணம் இருந்தது. அந்தப் புரோகிராமுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது கடுகு இனத்துச் சின்னஞ்சிறு செடி ஒன்றின் மரபணுக்கள். கம்பு புல் இனம். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தமிழ் மட்டுமே தெரிந்த ஒருவரை எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, எது பேச்சு, எது வெறும் சத்தம் என்று பிரிக்கச் சொன்னால் என்ன ஆகும்? என் மாமியார் திட்டுவதைப் பாட்டு என்பார். அந்தப் புரோகிராமும் கம்பைப் பற்றி அப்படித்தான் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. 'நிறுத்து' என்னும் சொற்களில் சில எழுத்துக்கள்தான் அதிகம் வரும். புல் இனத்தின் பல மரபணுக்களில் அந்த எழுத்துக்களே குறைவு. ஆகவே நிறுத்தம் அபூர்வமாகத்தான் வரும். எந்தப் பக்கத்திலிருந்து படித்தாலும் ஏதோவொன்று நீளமாக ஓடும். ஆர்.என்.ஏ.வை இரட்டை இழை டி.என்.ஏ.வாக நகலெடுத்துத்தான் படிப்போம்; அதன் எதிர் இழையில் தலைகீழாகப் படித்தாலும் ஓடும். செல்வி பிடித்த துண்டில் எது தலை, எது வால் என்று காட்டும் அடையாளம் அறுந்து போயிருந்தது. நீளமான பகுதி ஓர் இழையில் இருந்தது, குட்டை எதிர் இழையில். ஆக, இரண்டில் ஒன்றுதான் நிஜம்.

எந்த இழை என்று லேபில் சோதித்துப் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். அதற்கு வேண்டிய கதிரியக்கப் பாஸ்பரஸ் வடக்கேயிருந்து வர வேண்டும். நாளாக ஆகத் தானே தேய்ந்துபோகிற சரக்கு. ரயிலிலும் குடோனிலும் தூங்கிவிட்டு மதுரைக்கு வந்து சேரும்போது, அதில் மிச்சமிருந்த உயிர் ஒரு சோதனைக்கும் காணாது. இரண்டு முறை வரவழைத்தோம், இரண்டு முறையும் எக்ஸ்ரே படத்தில் கறுப்பாக ஒரு மண்ணும் தெரியவில்லை.

இதற்குள் டெல்லியிலிருந்து மதிப்பீட்டுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. தலைவருக்குக் கை பரபரத்தது. நீளமான பகுதிக்கு 'கம்பு வறட்சிப் புரதம்' என்று ஒரு பெயர் சூட்டி, உலகம் முழுதும் பார்க்கிற பொதுத் தரவுத்தளத்துக்கு அனுப்பிப் பதிவு எண்ணும் வாங்கிவிட்டார். எனக்குத் தெரிந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"சார், அது நிஜமான்னே தெரியலையே! செல்வியே இப்ப வேணாம்னு சொல்லிச்சாமே?"

"சும்மா ஒரு பேருதானம்மா. தப்புன்னு தெரிஞ்சா மாத்திட்டாப் போச்சு."

மாற்றிவிட்டால் போச்சு. இந்தச் சொற்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர் வாயில் கேட்டுவிட்டேன்! சொன்னவர்களில் மாற்றியவரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஆன்டிபாடிக்கு எந்தப் பகுதி என்று எழுதி அனுப்பவேண்டிய வாரம் வந்தது. செல்வி என் அறைக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றாள்.

"அக்கா, சார் பெரிசுக்கே அனுப்பச் சொல்றாரு. நீங்க சின்னதுதான்ங்கிறீங்க. இது போச்சுன்னா எனக்கு எல்லாம் போச்சுக்கா. வீட்டுல கேட்டா என்ன சொல்லுவேன்?"

"நான் சின்னதுன்னு சொல்லல. பெரிசை நம்பாதன்னு சொன்னேன். ரெண்டும் வேற. ஒக்காரு, பாப்போம்."

நெல், மக்காச்சோளம், சோளம் ஆகியவற்றில் இதே ஆர்.என்.ஏ.வின் சொந்தக்காரர்களைத் தேட ஆரம்பித்தோம். டெலிஃபோன் லைனில் இன்டர்நெட். பாதி இறங்கும்போது யாராவது ரிசீவரை எடுத்தால் அறுந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. கரண்டு வேறு நினைத்தபோது போகும். எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிப் பார்த்தோம். புரதமாகிற பகுதியாக இருந்தால் எழுத்துக்கள் கண்டபடி மாறியிருக்காது. மூன்றெழுத்துச் சொல்லில் மூன்றாம் எழுத்து மாறினால் பெரும்பாலும் பொருள் கெடாது. ஆகவே மாற்றங்கள் அந்த மூன்றாம் இடத்தில்தான் வந்து விழுந்திருக்க வேண்டும். முதல் எழுத்தில் கை வைத்தால் புரதமே வேறாகிவிடும். செல் அதைப் பொறுத்துக்கொள்ளாது.

குட்டைப் பகுதியின்படி படித்தால், மாற்றங்கள் ஏறக்குறைய எல்லாமே மூன்றாம் எழுத்தில் விழுந்தன. அதே மாற்றங்களை நீளமானதன்படி எதிர்ப்பக்கமிருந்து படித்தால், முதல் எழுத்தில் விழுந்தன. நெல்லில் பாதி வழியிலேயே ஒரு நிறுத்தமும் வந்து உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு புல்லும் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்கிற ஒன்றை உயிருக்கு முக்கியமான புரதம் என்று எப்படிச் சொல்வது?

அதற்காக நான் துள்ளிக் குதிக்கவில்லை. குட்டைப் பகுதி மிகச் சிறியது. அதில் நடந்த மாற்றங்களும் கொஞ்சம்தான். சின்னதில் தற்செயல் எளிதாக ஏமாற்றிவிடும். அதை அவளிடம் மறைக்கவில்லை.

"அடிச்சுச் சொல்ல முடியாதுடி. நானா இருந்தா சின்னதுக்குத்தான் போவேன். ஆனா போற தலை ஒன்னோடது."

அவள் அந்த அடுக்கை மறுபடி ஒரு தடவை விரலை ஓட்டிப் பார்த்தாள். "சின்னதுதான்க்கா" என்றாள். பிறகு நேரே தலைவர் அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவர் அடுக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், செல்வியைப் பார்த்தார். நிஜமாகவே எரிச்சலில் இருந்தார்.

"கமிட்டிகிட்ட பெரிசுன்னு சொல்லியாச்சு. இப்பப் போயி இத்துனூண்டத் தேடுறேங்கிற. உன் தீசிஸ், உன் பாடு. நாளைக்கி எங்கிட்ட வந்து அழுவக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஆனால் போட்டார். எனக்குத் தெரிந்த வேறு சிலராயிருந்தால் பேனாவை மூடி வைத்திருப்பார்கள்.

மாதங்கள் கழித்து ஆன்டிபாடி வந்தது. லேப் டெக்னீஷியன் ராஜாமணி அண்ணன் கம்பு இலைப் புரதங்களை, ஓட்டத்தைக் காட்டும் சாயம் கலந்து, ஜெல்லில் மின்சாரம் விட்டு ஓட்டி, ஆன்டிபாடி போட்டுப் பார்த்தார். ஒன்றுமே இல்லை. வெள்ளை வெளேரென்று இருந்தது. மறுநாளும் ஓட்டினார், மறுநாளும் வெள்ளை. செல்வி லேப் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைவர் அந்தப் பக்கம் வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிவிட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. அந்தப் பெண்ணின் வாழ்க்கையில் நாமும் மண்ணள்ளிப் போட்டுவிட்டோமோ என்று பயந்துபோனேன்.

திடீரென்று செல்வி உள்ளே போனாள்.

"அண்ணே, எம்புட்டு நேரம் ஓட்டுனீங்க?"

"எப்பயும் ஓட்டுற மாதிரித்தாம்மா. சாயம் கீழ வந்து வெளிய போற வரைக்கும்."

"ஐயோ அண்ணே! நாம தேடுறது எம்புட்டு சின்னது! சாயத்தோட சேந்து அதுவும்ல வெளிய ஓடிப் போயிருக்கும்!"

ஜெல்லில் சின்னப் புரதம் வேகமாக ஓடும், பெரியது மெதுவாக வரும். இது லேபில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ராஜாமணி அண்ணனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தலைவர் அதைப் பாடமே எடுத்தவர். இருந்தும், காலமெல்லாம் பெரிய புரதத்தையே பார்த்துப் பழகிய கை, சின்னதைத் தேடும்போதும் பெரியதற்கான ஓட்டத்தையே ஓட்டியது. கம்ப்யூட்டரில் எந்தப் புத்தியோடு சண்டை போட்டோமோ, அதே புத்தி லேபுக்குள் வந்து எங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு, கெட்டியான ஜெல் ஊற்றி, பாதியிலேயே நிறுத்தினார். வாடிய பயிரில் பளிச்சென்று ஒரு கோடு. தண்ணீர் விட்ட பயிரில் கிட்டத்தட்ட இல்லை. செல்வி அப்போதுதான் அழுதாள். தலைவர் ஓடிவந்து பார்த்துவிட்டு, ஆளனுப்பி எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கி வரச் சொன்னார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் ஏன் கத்தப்போகிறேன்?

அவளுடைய வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கெட்டிக்காரர், தீசிஸை வரிவரியாகப் படித்துவிட்டு வந்திருந்தார். முன்வரிசையில் தலைவர், கடைசி வரிசையில் நான். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. முடிக்கிற நேரத்தில் அவர் ஒரு தாளை எடுத்தார்.

"நீளமான பகுதி புரதமே இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நான் தேடிப் பாத்தேன். கரும்புல இதே புரதம் இருக்குன்னு வேற ஒரு லேப் போட்டிருக்காங்க. கம்புலயும் பதிவு இருக்கு. தனித்தனியா ரெண்டு எடத்துல கண்டுபிடிச்சிருக்காங்க. ரெண்டு பேரும் தப்பு, நீங்க மட்டும் சரியா?"

சபையில் சலசலப்பு. கரும்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்க எனக்கு அங்கே உரிமை இல்லை.

செல்வி மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தாள். "சார், கரும்புல அது புரதம்னு அவங்க எதை வச்சு முடிவு பண்ணுனாங்கன்னு போட்டிருக்கா?"

அவர் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். "கம்புப் பதிவோட ஒத்துப்போகுதுன்னு போட்டிருக்கு."

"அப்ப அது ரெண்டாவது சாட்சி இல்ல சார். மொதச் சாட்சி சொன்னதத் திருப்பிச் சொல்லுது. அவங்க சோதனை எதுவும் பண்ணல."

"சரி, அந்த மொதச் சாட்சி? கம்புப் பதிவு யாரோடது?"

செல்வி தன் தாள்களைப் புரட்டினாள். பதில் அவளுக்குத் தெரியும். முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பெயரைச் சபையில் எப்படிச் சொல்வாள்? கையெழுத்துப் போட்டு அவளை வளர்த்தவரும் அவர்தான். சொல்லாவிட்டால் கேள்விக்குப் பதில் இல்லை, பட்டமும் இல்லை. எழுந்து கத்திவிடுவேன் என்றுதான் நினைத்தேன். நிஜமாகவே நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டேன்.

எனக்கு முன்னால் தலைவர் எழுந்தார்.

"நான்தான் அனுப்புனேன். எந்த ஆதாரமும் கையில இல்லாமத்தான் அனுப்புனேன். இந்தப் பொண்ணு வேணாம்னுச்சு. அந்தா பின்னாடி நிக்கிறாங்களே, அவங்களும் கேட்டாங்க. நான் கேக்கல. அந்தப் பதிவு தப்பு. எழுதிக்கங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவரோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் இருக்கிறது. செல்விக்குப் பட்டம் கிடைத்தது, வேலையும் நிலைத்தது.

தலைவர் அந்த வாரமே பதிவைத் திருத்தச் சொல்லி எழுதினார். அனுப்பியவரின் பழைய மின்னஞ்சல் முகவரியிலிருந்தே எழுதினால்தான் திருத்துவோம் என்று பதில் வந்தது. அந்த முகவரி பழைய இன்டர்நெட் கணக்கோடு சேர்ந்து மூடிப்போயிருந்தது. அடையாளம் காட்டி, கடிதத் தலைப்பில் எழுதி, முத்திரை குத்தி, மறுபடி அனுப்பினார். வேறு ஏதோ கேட்டார்கள். அதையும் அனுப்பினார். அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டார். பிறகு நான் எழுதினேன். அனுப்பியவர் நீங்கள் இல்லையே என்றார்கள்! இல்லைதான். ஆக, அது அங்கேயே இருக்கிறது. அதைப் பார்த்துக் கரும்பு வந்தது, கரும்பைப் பார்த்து இன்னொன்று. புதுப் புரோகிராம்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க 'தெரிந்த புரதங்கள்' என்று மூட்டையாக அள்ளுகிறார்களே, அந்த மூட்டைக்குள்ளும் போயிருக்கும்.

இப்போது சென்ற வாரத்துக்கு வருகிறேன். உங்களில் ஒருவர் தினைப் பயிரின் பிரிண்ட் அவுட்டோடு சிரித்த முகமாக என்னிடம் வந்தார். பெயர் சொல்ல மாட்டேன், நல்ல பிள்ளை. "மேடம், ரைபோசோம் டேட்டால தெளிவா ஒண்ணும் தெரியல. ஆனா இது புரதம்தான், சந்தேகமே இல்ல. கம்பு, கரும்பு, இன்னும் அஞ்சாறு பயிர்ல தெரிஞ்ச புரதத்தோட அப்படியே ஒத்துப்போகுது" என்றார். பட்டியலின் கடைசி வரியில் அந்தப் பதிவு எண் இருந்தது. எனக்கு மனப்பாடமான எண் அது.

அப்போதுதான் கத்தினேன். ரைபோசோம் அங்கே உட்காரவே இல்லை என்று உங்கள் சொந்த டேட்டா முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லியிருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு, ஊரே சொல்கிறதே என்று நம்பினீர்கள். ஊர் என்பது ஒரே ஆள் என்று பார்க்கவில்லை. இனிமேல் 'தெரிந்த' என்று யாராவது சொன்னால், யாருக்கு, எப்படித் தெரியும் என்று கேளுங்கள். ஆணிவேர்வரை போய் அங்கே ஒரு சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் என்னிடம் கொண்டுவராதீர்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் செல்விக்குப் போன் செய்தேன். அதே கல்லூரியில் இப்போது அவள் துறைத்தலைவி. விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா, அது இன்னுமா சாகல?" என்றாள்.

"பொறந்தாத்தானடி சாகுறதுக்கு."